கோழி தொடாதவன் விருந்துக்குப் போன கதைகள்

குஞ்சு பொரிக்கிற தொழிலில் முதல் பாடம், வெளியே எந்தக் கோழியையும் தொடாதே என்பதுதான்.

நாமக்கல் பக்கம் இருந்துகொண்டு கோழியைத் தொடாமல் வாழ்வது, கல்லாங்காட்டில் கல்லை மிதிக்காமல் நடப்பது மாதிரி. எனக்குப் பொரிப்பகத்தில் ராத்திரி ஷிப்ட். முட்டை அடுக்கிய பெரிய மெஷின்களில் சூடும் ஈரமும் கூடாமல் குறையாமல் விடியும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தாவதோடு நின்றவன் நான். மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து வேலையைக் கற்றுக்கொண்டேன். தூக்கம் பிடிக்காத சுபாவம் சின்ன வயதிலேயே உண்டு. அதற்கு ஒருத்தர் சம்பளம் கொடுக்க முன்வந்தார், அவ்வளவுதான்.

நோய் பரவக் கூடாது என்பதற்காக எங்களுக்கு ஒரு விதி. வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது, எந்தக் கோழிப்பண்ணைக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. வைத்தால் மூன்று நாளைக்குப் பொரிப்பகத்துக்குள் விடமாட்டார்கள். சம்பளமும் கிடையாது. அடிக்கடி வைத்தால் வேலையே கிடையாது. நியாயமான விதிதான், குறை சொல்ல மாட்டேன். ஒரு ஆளுடைய செருப்பில் ஒட்டிவருகிற நோய் ஒரு ஷெட்டையே காலி பண்ணிவிடும்.

ஆனால் என் ஒரே அண்ணன் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். அவர் குடியிருந்த வீடும் பண்ணைக்குள்ளேயே, ஷெட்டுகளுக்கு நடுவில். என் வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு பொங்கல், பிறந்தநாள், கிடா விருந்து என்று எங்கள் குடும்பம் ஒன்றுகூடுவதெல்லாம் அந்த வீட்டில்தான், என்னைத் தவிர.

ராத்திரி ஷிப்ட் பார்க்கிற சக பாவிகளே, ஆஸ்பத்திரியோ நூல் மில்லோ டோல்கேட்டோ, நீங்கள் எங்கே கண் விழித்தாலும் சரி, இதில் பாதி உங்கள் கதையும்தான். மீதிப் பாதிக்குத்தான் கோழி காரணம்.

முன்வரிசைத் தூக்கம்

சித்தப்பா மகன் கல்யாணம். நாமக்கல்லில் ஏசி மண்டபம். மண்டபத்தில் கோழி கிடையாது என்பதால் அண்ணனும் நானும் பார்த்துக்கொள்ளக் கிடைக்கிற இடங்களில் அது ஒன்று. டூட்டி முடித்துக் குளித்து நேராகப் போய், அண்ணனோடு நாலு வார்த்தை பேசலாம் என்று முன்வரிசையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏசிக் காற்று முகத்தில் பட்டதுதான் தெரியும். தாலி கட்டியது, பூ போட்டது எதுவும் தெரியாது.

பிறகு வீடியோவில் பார்த்தேன். கிரேன் கேமரா மணமேடையிலிருந்து அப்படியே திரும்பி என் மேல் வந்து நிற்கிறது. வாய் திறந்திருக்கிறது, மடியில் அட்சதை அப்படியே இருக்கிறது. பின்னால் இருந்த பொடுசுகள் சிரிக்கின்றன. யாரோ ஒரு மாமா என் தோளைத் தட்டப் போகிறார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வது மேளத்தையும் மீறித் தெளிவாகக் கேட்கிறது: "எழுப்பாதீங்க மாமா, ராத்திரி பூரா அடகாத்துப்போட்டு வந்திருக்கறான்."

கேட்டுக்கு வெளியே

அண்ணன் மகள் தாரணி பெரியவளானபோது சீர் பண்ணை வீட்டில் வைத்தார்கள். பந்தல், சமையல், வாழைமரம் எல்லாம் ஷெட்டுகளுக்கு நடுவில். என் மனைவி ஜோதி உள்ளே போனாள். அவள் அந்த வீட்டுக்குப் போய்வந்தால் துணியை வாசலிலேயே ஊறப்போட்டு, தலைக்கு ஊற்றிய பிறகுதான் என் பக்கம் வருவாள், எழவு வீட்டுக்குப் போய்வந்தவள் மாதிரி. நான் ரோட்டில், பண்ணைக் கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். தட்டு எடுத்துக்கொண்டு வந்த சனம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் பட்டுச்சேலையோடு தாரணியே கேட் வரைக்கும் வந்தாள். "சித்தப்பா, நல்லாருக்கா?" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். நான் பையில் வைத்திருந்த அட்சதையைக் கேட்டுக்கு மேலாக வீசினேன். பாதி அவள் தலையில் விழுந்தது, பாதி லாரிச் சக்கரம் நனைகிற மருந்துத் தண்ணீர்க் குழியில் விழுந்தது.

அண்ணி வழியில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தர், வெள்ளை வேட்டி, பெரிய மீசை, இதையெல்லாம் பார்த்தபடி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக ரோட்டைத் தாண்டி வந்து என் தோளில் கை போட்டார். விதியை விளக்கிச் சொன்னேன். கோழி, நோய், மூன்று நாள் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, எச்சிலைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டுங் தம்பி, வரப்புத் தகராறா, கெணத்துப் பங்கா? நாலு பேரு உக்காந்து பேசி முடிச்சர்லாமுங்க."

பத்தாம் வகுப்பு நண்பர்கள்

பள்ளிக்கூடத்து நண்பர்கள் ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்து, திருச்செங்கோட்டில் ஒரு ஹோட்டல் மாடியில் கூடினோம். போர்வெல் போடுகிற ரிக் லாரி வைத்திருப்பவன், கல்லூரி பஸ் ஓட்டுகிறவன், துணிக்கடை வைத்திருப்பவன் என்று வரிசையாக எழுந்து தங்களைப் பற்றிச் சொன்னார்கள். என் முறை வந்தது. ராத்திரி முழுக்க விழித்திருப்பேன், பகலில் தூங்குவேன், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன், பத்து வருசமாக ஜோதியும் நானும் சேர்ந்து படுத்து எழுந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று, சிரிப்பு வரட்டும் என்றுதான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ரிக் லாரிக்காரன் மட்டும் பெருமூச்சு விட்டுச் சொன்னான்: "பகல்ல தூங்கறயா? குடுத்து வெச்சவன்டா மாப்ள."

கொல்லிமலை டூர்

பொரிப்பகத்தில் வருசத்துக்கு ஒரு டூர் கூட்டிப்போவார்கள். அந்த வருசம் கொல்லிமலை. ராத்திரி ஷிப்ட் ஆட்களுக்கு டூர் என்றால் வேன் சீட்டில் தூங்குவது என்று அர்த்தம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, தலை கண்ணாடியில் மோதியதை வைத்து உத்தேசமாகச் சொல்லலாம். மேலே போய் இறங்கினால், சந்தையில் ஒரு பெண் நாட்டுக்கோழிகளைக் கால் கட்டிப் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறாள். "யாரும் பக்கத்துல போவாதீங்க!" என்று சூப்பர்வைசர் கத்த, நாங்கள் இருபது ஆண்களும் ஐந்து கோழிகளுக்குப் பயந்து ரோட்டின் அந்தப் பக்கம் ஓடினோம். அந்தப் பெண் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

சாப்பிட்ட பிறகு பிகாஷும் நானும் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். பிகாஷுக்கு ஒடிசா. ரெண்டு பிள்ளைகளின் தகப்பன், என்னோடு ராத்திரி ஷிப்ட். நம்ம ஊர்ப் பேச்சை என்னைவிட நன்றாகப் பேசுவான். அந்த வாரம்தான் நாங்கள் பொரித்த குஞ்சுகளை அண்ணன் பண்ணைக்கு ஏற்றியிருந்தார்கள். பெட்டிகளை வேனில் அடுக்கும்போது குஞ்சுகளைப் பார்த்து, நீங்கள் போகலாம், நான் போக முடியாது என்று ஒரு நினைப்பு வந்தது, அதை அவனிடம் சொன்னேன். அவன் அம்மாவும் ஊரில் கோழி வளர்க்கிறாள். நீ எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டேன். அவன் யோசித்துப் பார்த்துச் சொன்னான்: "எனக்குத் தொந்தரவில்லீங்ணா, அம்மா கோழியத் தொட்டாலும் ட்ரெயின்ல திரும்பி வர்றதுக்குள்ள மூணு நாளு ஆயிருது. உங்கண்ணன் ஊடுதானுங்ணா ரொம்பத் தூரம்."

சோப்பு வாசனை

என் மகளுக்குப் பிறந்தநாள் என்றால் நாமக்கல்லில் ஒரு ஹோட்டலில் மேஜை சொல்லிவிடுவோம். வீட்டில் வைத்தால் செலவு குறைவுதான். ஆனால் பண்ணைக்காரர் என் வீட்டுக்கு வந்தால், அந்த மண்ணை மறுபடி நான் மிதிக்க வேண்டுமே. அண்ணன் குடும்பத்தை வேறு எங்கே பார்ப்பது? அண்ணன் எப்போதும் தாமதமாகத்தான் வருவார். கேக் வெட்டி முடிந்திருக்கும். மடிப்புக் கலையாத வேட்டி, ஈரத் தலை, சோப்பு வாசனை. வந்து எனக்கு எதிர்ச் சீட்டில் உட்காருவார், தானாகப் பக்கத்தில் உட்கார மாட்டார். சொந்தக்காரர்கள் "பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி வர்றாரு பாரு" என்று கேலி செய்வார்கள். நாலு கொட்டகைக்கு முதலாளி ஆனதும் அண்ணனுக்கு மிடுக்கு வந்துவிட்டது என்று நானும் மனசுக்குள் நினைத்ததுண்டு.

ஒரு தடவை அவர் கை கழுவப் போன நேரத்தில், அண்ணியிடம் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன், அண்ணனுக்கு அப்படி என்ன அலங்காரம் என்று. அண்ணி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உன்னப் பாக்க வர்றதுன்னா ரோட்டோரம் மோட்டார் ரூம்ல தலைக்கு ஊத்தி, அங்கயே வெச்சிருக்கற வேட்டியக் கட்டிக்கிட்டு, மறுக்கா பண்ணைக்குள்ள காலே வெக்காம நேரா பஸ் ஏறி வருவாரு தம்பி. உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு."

அண்ணன் வீட்டில்

போன வருசம் அண்ணன் பண்ணையை நிறுத்திவிட்டார். தீவன விலை ஒரு பக்கம், ஆள் கிடைக்காதது ஒரு பக்கம், முழங்கால் வலி ஒரு பக்கம். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் பெங்களூரில், இதன் பக்கம் திரும்பமாட்டேன் என்று சொல்லிவிட்டான். கடைசியாக இருந்த கோழிகளைக் கறிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, கூண்டுகளை இரும்புக்குப் போட்டுவிட்டு, ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துச் சில மாதம் போன பிறகு போன் பண்ணினார். "ஞாயித்துக்கெழம விருந்து வெக்கறன், வந்துரு" என்றார். நான் வழக்கம்போலத் தயங்கினேன். "கோழி இல்லீடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மேனேஜரிடம் அனுமதி கேட்டேன். "கோழி இல்லாத பண்ணை என்னப்பா பண்ணை? போய்ட்டு வா" என்றார்.

கேட் திறந்தே கிடந்தது. மருந்துத் தண்ணீர்க் குழி வறண்டு, அதில் சருகு. அண்ணன் வாசலில் நின்றிருந்தார். நான் எத்தனையோ நாள் மனசுக்குள் நடந்து பார்த்த அந்த இடத்தை அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். இது முட்டை ரூம், இது தீவனம் அரைக்கிற இடம், இங்கேதான் தாரணிக்குச் சீர் வைத்தோம். எல்லாவற்றையும் நேற்றுத்தான் கட்டி முடித்தவர் மாதிரி காட்டினார். பந்தி பெரிய ஷெட்டுக்குள்ளேயே. கூண்டு இருந்த இடத்தில் நீளமாக மேஜை போட்டிருந்தார்கள். "மண்டபமே கட்டிப்புட்டயே மச்சா, இனி வாடகைக்கு உடு" என்று ஒருத்தர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. அண்ணன் கத்திப் பேசினார். பிறகுதான் புரிந்தது. ஆயிரக்கணக்கில் கோழிகள் கொக்கரிக்கிற இடத்தில் பாதி ஆயுசைக் கழித்தவர், அந்தச் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பியே பழகிவிட்டார். சத்தம் நின்றது தொண்டைக்குத் தெரியவில்லை. அமைதியான ஷெட்டில் அந்தக் குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. அண்ணி ரெண்டு தடவை "மெதுவா, மெதுவா" என்று கை காட்டினார். அவர் கவனிக்கவில்லை.

என்னை இலையில் உட்காரவைத்து, தான் உட்காராமல், எனக்கு அண்ணனே பரிமாறினார். சோறு, குழம்பு, கடைசியில் ஒரு அவித்த முட்டை. அதை இலையில் வைத்ததும் என் கை ஒரு கணம் நின்றுவிட்டது. பயம் ஒன்றும் இல்லை, அண்ணன் கையால் சாப்பிட்டு எத்தனை வருசம் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன், அவ்வளவுதான். அண்ணன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். என் தலையில் கை வைத்து, எனக்கு மட்டும் கேட்கட்டும் என்று நினைத்து, ஷெட் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "பயப்படாம சாப்புடு சாமி, முட்டைய கடையிலதான் வாங்குனேன்."

ஊருக்கெல்லாம் கோழி பொரித்துக் கொடுக்கிற எனக்கு, கோழி ஒழிந்த பிறகுதான் கூடப்பிறந்தவர் வீட்டில் ஒரு இலை விழுந்தது.