பாட்டுக்கு ஒரு பொய்

என் அக்கா கணவருக்கு ஆலையில் வைத்த பெயர் எக்ஸ்ரே. அது பட்டன் செய்கிற ஆலை. வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் வாசலில் நின்று திறந்து பார்ப்பது அவர் வேலை. பட்டனைத் திருடுவது சுலபம், வாய்க்குள்ளேயே ஒளித்துவிடலாம். அதனால் வரிசையில் யாராவது கொட்டாவி விட்டால்கூட மனுஷன் எட்டிப் பார்ப்பார். நான் அங்கேதான் பட்டன்களை அட்டையில் கோக்கும் பிரிவில் இருக்கிறேன். சொந்த மச்சினன் என்று ஒரு சலுகை உண்டா? என் டப்பாவை மட்டும் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இல்லை.

வேலையை வாசலோடு விட்டுவிட்டு வரவும் அவருக்குத் தெரியாது. பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர். அக்கா போனில் குரலைத் தாழ்த்தினால் உடனே பக்கத்தில் போய் நிற்பார்.

இந்த வீட்டில் பிறந்த என் மருமகளுக்குப் பாட்டுக் கட்டுகிற பைத்தியம். உப்பு எங்கே என்று கேட்டால், "உப்பு மேல தொப்பி, தொப்பி மேல குப்பி" என்று போய்க்கொண்டே இருப்பாள். நூலகத்தில் சனிக்கிழமை நடக்கிற வகுப்பில் பிடித்த வியாதி அது. நடத்துகிற பெண்ணுக்குக் குழந்தைகளின் பற்பசை டப்பாவில் வருகிற பாட்டுகளை எழுதுவது வேலை. வகுப்புக்குக் கட்டணம் கிடையாது. மாமாவுக்கு அது ஒன்று போதாதா?

"ஓசியில ஒருத்தி சொல்லித் தர்றான்னா உள்ள ஏதோ இருக்கு மாப்ள. பிள்ளைங்க எழுதுறதைத் திருடி டப்பாவுல போடுறாளோ என்னவோ."

ஒரு சனிக்கிழமை அவரே போய்க் கடைசி வரிசையில் குட்டி நாற்காலியில் முழங்கால் முட்ட உட்கார்ந்தார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"பாட்டுல ஒரே ஒரு பொய் கட்டாயம் இருக்கணும்," என்றார் டீச்சர். "மத்ததெல்லாம் நீங்க கண்ணால பார்த்ததா இருக்கணும். பொய் எதுன்னு படிக்கிறவங்க கண்டுபிடிக்கணும். இப்படி விளையாடித்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். கார்ட்டூன்ல பேசுறது, டப்பாவுல பாடுறது எல்லாம் யாரோ ஒருத்தர் உக்காந்து எழுதினதுதான். அதுக்குச் சம்பளமும் உண்டு."

"நானும் ஆகலாமா டீச்சர்?" என்று என் மருமகள் கை தூக்கினாள்.

"ஏன், தாராளமா ஆகலாமே."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "பொய் சொல்லச் சம்பளமாம்!" என்றார் மாமா. அக்கா முறைத்த முறைப்பில் வகுப்பு தப்பித்தது.

அடுத்த வாரம் நூலகச் சுவரில் மருமகளின் பாட்டு ஏறியது.

அப்பா பையில பட்டன் மழை
அம்மா டப்பால பட்டன் மலை
பூனைக் கண்ணுக்கு ரெண்டு வச்சோம்
மிச்சம் எல்லாம் ஒளிச்சு வச்சோம்

ஆலையில் பாதிப் பேரின் பிள்ளைகள் போகிற நூலகம் அது. திங்கட்கிழமை சாயங்காலம் சோதனை வரிசையில் ஒருவன் ஆரம்பித்தான், மொத்த வரிசையும் பாடியது. "சார், வீட்டுல மலையே இருக்காமே!" எத்தனை வருஷத்துக் கோபம், சும்மா விடுவார்களா? நானும் சிரித்தேன். மாமாவின் முகம் செத்துவிட்டது. பேர் கெட்டால் வாசலில் அவர் எப்படி நிற்பார்?

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து அக்காவின் டப்பாவை எடுத்துக் கொட்டினார். எல்லாம் எங்கள் ஆலைப் பட்டன்கள். முதலில் என்னைப் பார்த்தார்.

"மாப்ள, நீதானே?"

"என் டப்பாவைத் தினம் தட்டிப் பார்க்கிறது நீங்கதானே?" என்று கத்தினேன்.

என்னை விட்டுவிட்டு மகளிடம் குனிந்தார். ஆலை வாசலில் கேட்கிற அதே குரல். "உண்மையைச் சொல்லு. யாரு எடுத்துக் கொடுத்தா?"

"நீங்கதாம்பா," என்றாள் குழந்தை.

"பொய் சொல்லாதே!"

அவள் அழ ஆரம்பித்தாள். அக்கா வேகமாக உள்ளே போய், தரை துடைக்கிற துணியைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தாள். அது அவருடைய பழைய சீருடை, ஆலை கொடுத்தது. பட்டன் இருந்த இடத்தில் நூல் மட்டும் தொங்கியது.

"கிழிஞ்ச சட்டையில எல்லாம் வெட்டி எடுத்து வைக்கிறேன். குனிஞ்சு குனிஞ்சு உங்க தொப்பையில தெறிக்கிறதை நீங்களே பையில போட்டுட்டு வர்றீங்க. துவைக்கும்போது கொட்டுது. இவளோட துணிப் பூனைக்குக் கண்ணு வச்சதும் அதுலதான். டப்பா எப்பவும் அங்கேதான் இருக்கு. ஒளிச்சு வச்சோம்கிறதுதான் அதுல பொய்."

மாமா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டனில் ஒட்டியிருந்த நூலைச் சட்டையின் நூலோடு வைத்துச் சரிபார்த்தார். அப்படியும் தோற்க மனசு வரவில்லை. "இனிமே அந்த வகுப்பு வேணாம்," என்று எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு உப்பு எங்கே என்று கேட்டால் மருமகள் உப்பை எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். பற்பசை டப்பாவைப் படிப்பதையும் விட்டுவிட்டாள். அந்த வீட்டில் உட்காரவே எனக்குப் பிடிக்கவில்லை. மாமாவுக்கும் அந்த அமைதி சந்தேகமாகத்தான் இருந்தது. "ஏன் பேச மாட்டேங்கிறா? என்னத்தை மறைக்கிறா?" என்று என்னிடமே கேட்டார். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார், அதிலும் ஒரு நிபந்தனை: எழுதினால் முதலில் அவர் பார்க்க வேண்டும், அப்புறம்தான் சுவர்.

சனிக்கிழமை வகுப்பு முடியும் நேரத்துக்குப் போனோம். மருமகள் தாளை அவரிடம் நீட்டினாள், வரிசையில் வந்தவன் பையை நீட்டுவது போலவே.

அப்பா சட்டை நீலம் நீலம்
அவர் குனிஞ்சா முதுகு பாலம்
யாரு பை தந்தாலும் தேடுவார்
நான் சொன்னா மட்டும் நம்புவார்

மாமாவுக்கு விளையாட்டின் விதி ஞாபகம் வந்துவிட்டது. விரலை வைத்துத் தேடினார்.

"முதுகு பாலம்... இதுதானே பொய்?"

"இல்லப்பா. குனிஞ்சா நிஜமாவே அப்படித்தான் இருக்கும்."

"அப்போ பொய் எங்கே?"

அவர் விரல் மூன்றாவது வரியில் போனது, கடைசி வரிக்கு இறங்கியது, அங்கேயே நின்றது. எத்தனையோ பைகளைத் துழாவின விரல் அது. எனக்கு அவர் மேல் முதல் முறையாகப் பாவமாக இருந்தது.

"மாட்டட்டுமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மாமா டீச்சரிடம் குண்டூசி கேட்டு வாங்கினார். எட்டிப் பிடித்து, ஆலைக்காரர்கள் எல்லார் கண்ணிலும் படுகிற உயரத்தில் தானே குத்தினார்.