சைவத்துக்குத் தனிக் குழி

செகந்திராபாத்தை அடுத்த ரிசார்ட் ஒன்றில் ஹவாய் விருந்து, தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அந்தக் காசுக்குத் தகுமா என்று முடிவுசெய்ய, மென்பொருள் வேலையிலிருந்த நானும் மனைவியும் எக்ஸெல்லில் மதிப்பெண் போட்டோம். நடனம், பூமாலை எல்லாம் தேறின. பன்றியைக் குழியில் புதைத்துச் சுடுவார்கள் என்ற வரியில்தான் மூன்று நாள் மாட்டிக்கொண்டோம். நாங்கள் சுத்த சைவம். போனில் கேட்டேன். சைவத்துக்குத் தனிக் குழி என்று மேலாளர் சத்தியமே செய்தார்.

"தனிக் குழின்னா போலாங்க," என்றாள் மனைவி.

விருந்தன்று, இடுப்பில் பிளாஸ்டிக் புல் கட்டிய நால்வர் முரசு முழங்க எங்கள் குழியைத் தோண்டினார்கள். வெளியே வந்தது வெஜ் பிரியாணி அண்டா.

"இதைத்தானே ஆபீஸ் கேன்டீன்ல தினம் போடறான்? இதைப் போய் எதுக்குப் புதைச்சாங்க?" என்று மனைவி கொதித்தாள்.

பக்கத்துக் குழியையும் தோண்டினார்கள். மூன்று நாள் எங்களை ஆட்டிவைத்த பன்றி அதிலும் இல்லை. சிக்கன் பிரியாணிதான் இருந்தது.