தப்பிய ஒரு முள்

முப்பத்தேழு முறை தோற்றவர் நாசரேத் ஜெப்ஸி. தூத்துக்குடி ஆய்வகம் ஒன்றில் வேலை. முத்துச்சிப்பி ஓட்டில் வளரும் ஒரு பூஞ்சை, கிருமி கொல்லும் மஞ்சள் பொருளைச் சுரக்கிறது. குடுவையில் வளர்த்தால் சுரப்பதில்லை. அதன் மரபணுக்களை ரொட்டிக்கடை ஈஸ்டில் ஏற்றி, ஈஸ்டையே அதைச் செய்ய வைக்க முயன்றார் ஜெப்ஸி. ஈஸ்ட் வெளுத்தே கிடந்தது. இன்னும் ஒரு முறைதான் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

அன்று மதியம், கூட வேலை பார்க்கும் பேச்சிராஜா தொண்டையில் மீன் முள் சிக்கி இருமினார்.

"ஏலே, பாத்துத் திங்கக் கூடாதா?"

"எல்லாத்தையும் எடுத்துட்டேம்ளா. ஒண்ணு தப்பிட்டு."

ஜெப்ஸி பாதிச் சோற்றில் எழுந்தார். பூஞ்சை மரபணுவின் நடுவே வேண்டாத துண்டுகள் உண்டு. பூஞ்சை அவற்றை வெட்டி எறிந்துவிடும். ஈஸ்டுக்கு அது சரியாக வராது. கணினி காட்டிய துண்டுகளையெல்லாம் அவர் முன்பே நீக்கியிருந்தார். இப்போது மரபணுவை எழுத்தெழுத்தாகத் தானே படித்தார். மூன்றாம் நாள், கணினி தவறவிட்ட ஐம்பத்திரண்டு எழுத்துத் துண்டு ஒன்று அகப்பட்டது.

அதையும் நீக்கி ஏற்றியதும் ஈஸ்ட் மஞ்சளானது.

"முள்ளு குத்துனது எனக்கு, பேரு ஒனக்கா?" என்றார் பேச்சிராஜா.

"கட்டுரையில ஒம் பேரும் உண்டும்லே," என்றார் ஜெப்ஸி, குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி.

திங்கட்கிழமை அந்த ஈஸ்ட், பெரிய அளவில் வளர்க்க, பத்து லிட்டர் கலனுக்குப் போகிறது.