உடையாத மட்டை

மட்டையின் பருத்த பகுதியை விரல்கணுவால் இரண்டு தட்டுத் தட்டிக் காதருகே கொண்டுபோய், "இது பேசுது பாருங்க" என்கிறார் மூங்கிலக்கா. வாங்க வந்தவரும் காதைச் சாய்க்கிறார். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. இருந்தாலும் தலையை ஆட்டிவைக்கிறார்.

விளையாட்டுச் சாமான் கடையின் மாடியில், ஓட்டக் காலணிகளையும் நீச்சல் கண்ணாடிகளையும் தாண்டினால் பேஸ்பால் பகுதி. அதுதான் அக்காவின் ராஜ்யம்; மூங்கில் மட்டை விற்று வந்த பெயர்தான் மூங்கிலக்கா. சீருடைச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருப்பார். பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொள்வதால் பையில் எப்போதும் இருமல் மிட்டாய் இருக்கும். நான் அதே மாடியில் முதுகுப்பை விற்பவள். மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேசையில்.

ஒரே மரத்தில் கடைந்த மட்டை, பந்து இடம் தப்பிப் பட்டால் பிளந்துபோகும். பிளக்காமல் இருக்க மரத்தோடு வேறு எதையாவது சேர்த்துச் செய்தவை கலப்பு மட்டைகள். அவற்றின் குணநலன்களை அக்கா குடும்ப விவகாரம்போலத்தான் எடுத்துச் சொல்வார். மூங்கில் பட்டைகளை அடுக்கி ஒட்டி அழுத்திய மட்டையைக் காட்டி, "இது மாமியார். உடையவும் உடையாது, வளையவும் வளையாது" என்பார். வெளியே மேப்பிள் மரம், உள்ளே மூங்கில் என்று இருப்பது அவருடைய வீட்டுக்காரராம், பார்க்கத்தான் சாது. பருத்த பகுதி மரமாகவும் கைப்பிடி மட்டும் ஃபைபராகவும் இருப்பதை எடுக்கும்போது குரல் கொஞ்சம் இளகும். "அடிய அது வாங்கிக்கும், அதிர்ச்சி உங்க கைக்கு வராது. வீட்டுக்கு ஒரு ஆளு இப்படி இருந்தா போதும்."

அக்கா ஒரு பந்தைக்கூட அடித்தவரில்லை. நீங்கள் ஆடுவீர்களா என்று யாராவது கேட்டால், கல்யாணத் தரகர் எத்தனை கல்யாணம் பண்ணிக்கொண்டார் என்று திருப்பிக் கேட்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிரிக்க மாட்டார். பிள்ளையைக் கூட்டி வருகிறவர்கள், வளர்கிற வயசு, ஒரு அளவு பெரிதாகவே கொடுங்கள் என்று கேட்டால் முகம் மாறிவிடும். "செருப்பு இல்லீங்க இது, பஞ்சு வச்சுப் போட்டுக்க. இன்னைக்கு இருக்கற கைக்கு வாங்குங்க." மேலாளர் காதில் விழுந்தாலும் கவலைப்பட மாட்டார்.

காரணம் அவர் மகள். பள்ளி அணியில் அவள் அடித்தால் பந்தைத் தேட ஆள் அனுப்ப வேண்டும் என்பார்கள். ஒரே பருவத்தில் இரண்டு முழுமர மட்டைகளை உடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அக்கா சிக்கனமாகக் குடித்தனம் நடத்துகிறவர். மகளின் சட்டையிலிருந்து மழைக்கோட்டுவரை எல்லாமே ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்கியிருந்தார். மட்டையையும் அப்படியே வாங்கினார், மூங்கிலில், அவள் உயரத்துக்குக் கூடுதல் நீளத்தில். கனம் நுனியில் நின்றது.

"இழுக்குதும்மா" என்றாள் மகள்.

"பழகிடும்" என்றார் அக்கா.

மகள் மறுபேச்சுப் பேசாமல் அதையே சுழற்றினாள். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் சமயத்தில் மணிக்கட்டு வீங்கி, தசைநார் கிழிந்திருப்பது தெரிந்தது. அத்தோடு ஆட்டம் போயிற்று. மட்டை இன்னும் வீட்டில் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, ஒரு கீறல் இல்லாமல்.

"அவ ஒரு தடவ என்னைத் திட்டியிருந்தா தேவலை" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார். பிறகு குழம்பை மூடிவைத்துவிட்டார்.

போன வாரம் ஒரு மத்தியானம் மகள் கடைக்கு வந்தாள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே பெண்கள் அணி சேர்க்கிறார்களாம், இவளையும் ஆட வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வைத்தியரும் மெல்ல ஆடிப் பார்க்கலாம் என்றிருக்கிறார். அக்கா இத்தனை நாளாக எதற்குக் காத்திருந்தாரோ அது எதிரே வந்து நின்றது. மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டு மறுபடி மடித்தார்.

"சொல்லேம்மா, எதை எடுக்கட்டும்?"

"நீயே எடு. உன் கைக்கு எது சரின்னு படுதோ அது."

மகள் மூங்கில் வரிசையைத் தாண்டிப் போய், கைப்பிடி ஃபைபராக இருந்த குட்டையான ஒன்றை எடுத்தாள். காலி இடத்தில் நின்று தோளைச் சாய்த்தாள். அந்தச் சாய்வைப் பார்த்து நானே பைகளை விட்டு நிமிர்ந்தேன். முதல் சுழற்றலில் காற்று கிழிந்தது. இரண்டாவதும் நன்றாகத்தான் போனது. மூன்றாவதில் மட்டை பாதியில் தயங்கிக் கீழே இறங்கியது. அவள் விரல்களை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல. பழக்கம் விட்டுப்போச்சு, அவ்வளவுதான்." சிரித்தாள். "நல்ல பேட்டும்மா. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடறேன். நான் போய்க் கைதட்டிட்டு வரேன்."

மட்டையை அம்மாவின் கையில் கொடுத்தாள். ராத்திரிக்கு என்ன சமையல் என்று கேட்டுவிட்டு, இடது கையால் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மட்டைகளைப் பார்த்தபடி ஒருவர் வந்து நின்று, எது நாள்பட உழைக்கும் என்று கேட்டார். நான் எழுந்துபோய் அவரைக் கவனித்துக்கொண்டேன். அக்கா மட்டையைச் சட்டத்தில் மாட்டவில்லை. மகள் பிடித்திருந்த இடத்தை உள்ளங்கையால் பொத்தி, அதிலிருந்த சூடு ஆறும்வரை அப்படியே நின்றார்.