மோட்டார்மேன் ஏசுபாதம் வண்டியை நிறுத்திய இடம்

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே மின்சார ரயில் ஓட்டிக்கொண்டிருந்த ஏசுபாதம், மேற்குத் தாம்பரத்தில் எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர். உலகம் படைக்கப்பட்டதையும் ஊர் அழிக்கப்பட்டதையும் ஒரே குரலில் வாசிப்பார். ஸ்டேஷனில் வண்டி வருவதை அறிவிப்பதுபோல இருக்கும். யாரும் குறை சொன்னதில்லை. கடைசி பெஞ்சு வரை தெளிவாகக் கேட்டது.

ரயில்வே குவார்ட்டர்ஸில் அவரும் மனைவி ஜெயசீலியும் இருந்தார்கள். ஜெயசீலி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவரே பேசிவிடுவதால் ஏசுபாதத்துக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கவில்லை. இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போனது.

1986இல், பள்ளிக்கூடங்கள் திறந்த வாரம், ஒரு காலை வண்டி குரோம்பேட்டையை விட்டுப் பல்லாவரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தண்டவாளத்தின் நடுவே வந்து வண்டியைப் பார்த்தபடி நின்றார். ஏசுபாதம் ஹாரனை அடித்துக்கொண்டே பிரேக் போட்டார். ரயில் நினைத்த இடத்தில் நிற்கிற வாகனம் அல்ல. அது நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்கு முன்பும் அவர் வண்டியில் ஆட்கள் அடிபட்டதுண்டு. அவசரமாகக் குறுக்கே ஓடியவர்கள், காது கேட்காதவர்கள். யாரும் அவரைப் பார்த்ததில்லை. இந்த ஆள் பார்த்தார். பார்த்தது மட்டும் அல்ல, ஒன்று செய்தார். அது என்ன என்பதை ஏசுபாதம் அதிகாரிகளிடம் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. வண்டியின் வேகம் என்ன, ஹாரன் அடித்தீர்களா என்று கேட்டார்கள். இரண்டுக்கும் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து உப்புமா சாப்பிட்டார்.

"என்னங்க, இன்னைக்கு லேட்டு?"

"ஒருத்தர் விழுந்துட்டார்."

"ஐயோ, மாதாவே," என்று ஜெயசீலி சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சட்னி போதுமா என்று கேட்டார். போதும் என்றார். மறுநாள் வேலைக்குப் போனார். குறைந்த காலத்தில் மனம் தேறிவிட்டார் என்று கூட வேலை செய்பவர்கள் பாராட்டினார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த வண்டிகளில் ஓட்டுகிறவர் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். கையை எடுத்தால் வண்டி நின்றுவிடும். ஓட்டுகிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பயணிகளைக் காப்பாற்ற அப்படி ஓர் ஏற்பாடு. குரோம்பேட்டை தாண்டி அந்த இடம் வரும்போது ஏசுபாதத்தின் கை தானாகக் கைப்பிடியை விட்டது. வண்டி நின்றது. ஆபீசுக்குப் போகிறவர்கள் தலையை நீட்டித் திட்டினார்கள். பின்பெட்டியிலிருந்து கார்டு லோகநாதன் ஜல்லியின்மேல் நடந்து வந்தார்.

"இன்னா சார் ஆச்சி? சிக்னல் கீதே."

"யாரோ நிக்கிறாங்க."

லோகநாதன் தண்டவாளத்தைப் பார்த்தார். ஒரு ஆடு தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. "ஆடா சார்?"

"இல்ல. போலாம்."

அடுத்த வாரமும் அதே இடத்தில் நின்றது. அதற்கடுத்த வாரம் லோகநாதன் இறங்கி நடக்கும் சிரமத்தை விட்டுவிட்டுப் பெட்டியிலேயே காத்திருந்தார். மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். ஏசுபாதம் தனக்கு ஒன்றும் இல்லை என்றார். ஆனால் தூக்கம் போய்விட்டிருந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டே இருப்பார். கோயிலில் வாசகம் வாசிப்பதை நிறுத்தினார். தொண்டை சரியில்லை என்று சொன்னார்.

குரோம்பேட்டையில் துரை பிரதர் என்று ஒருவர் இருந்தார். தோல் கம்பெனியில் சூப்பர்வைசர், ஞாயிறு பூசைக்கு எங்கள் கோயிலுக்கு வருகிறவர். வெள்ளிக்கிழமைகளில் வீட்டு மாடியில் ஜெபக்கூட்டம் நடத்துவார். நல்ல மனிதர், கேட்டவர்களுக்கு உதவுகிறவர், உரத்த குரல். ஜெயசீலி கணவரை அங்கே அழைத்துப் போனார். செத்தவனுடைய ஆவி இவருக்குள் புகுந்திருக்கிறது என்று துரை பிரதர் உடனே சொல்லிவிட்டார். ஏசுபாதத்தை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையில் கைவைத்து அழுத்தினார். சுற்றி நின்றவர்கள் அல்லேலூயா சொன்னார்கள்.

"உன் பேர் என்ன? சொல்லு! உன் பேர் என்ன?" என்று துரை பிரதர் ஆவியைக் கேட்டார்.

"ஏசுபாதம்," என்றார் ஏசுபாதம்.

ஆண்டவருடைய பெயரையே சொல்லி ஏமாற்றுகிறது, கெட்டிக்காரப் பிசாசு என்று துரை பிரதர் விளக்கினார். இன்னும் பலமாக அழுத்தினார்.

"உண்மையான பேரைச் சொல்லு! எங்கேர்ந்து வந்தே?"

"ஏசுபாதம். மோட்டார்மேன். தாம்பரம்."

ரொம்ப நேரம் இப்படியே போனது. கடைசியில் எல்லோரும் களைத்துவிட்டார்கள். ஆவி போய்விட்டது என்று முடிவு செய்து காப்பி கொடுத்தார்கள். ஏசுபாதத்துக்குக் கழுத்து வலி எடுத்தது. அடுத்த திங்கட்கிழமை வண்டி அதே இடத்தில் நின்றது.

இதற்குப் பிறகுதான் அவர் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அங்கே நடந்ததைச் சாமியார் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஏசுபாதமே பின்னாளில் எங்களிடம் சொன்னார். பங்குத்தந்தை அந்தோணிசாமி அப்போது சின்ன வயதுக்காரர். லூனா மொபெட்டில் சுற்றுகிறவர்.

"ஒரு மனுஷனைக் கொன்னுட்டேன் சாமி," என்று ஏசுபாதம் முழங்காலில் இருந்து சொன்னார்.

அவர் சொன்னதைத் தந்தை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இது பாவம் இல்லையே. நீங்க பிரேக் போட்டீங்க, ஹாரன் அடிச்சீங்க. வேற என்ன செய்ய முடியும்?" என்றார்.

"ஒண்ணும் முடியாது."

"அப்ப எதை மன்னிக்கிறது?"

"பாவம் இல்லேன்னா மன்னிப்பும் கிடையாதா சாமி?"

இந்தக் கேள்விக்குச் சாமியார்கள் படிக்கும் குருமடத்தில் பதில் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். வெளியே அடுத்த ஆள் இருமினார். "ஏசுபாதம், நான் பாவத்துக்குத்தான் ஆளு. இது காயம். காயத்துக்கு ஜெபம் வேணும், டாக்டரும் வேணும். கால் உடைஞ்சா கட்டுப் போட மாட்டீங்களா? ஜெபத்தை நான் பாத்துக்கறேன். நாளைக்கு டாக்டர்கிட்ட கூட வர்றேன்" என்றார் தந்தை.

சொன்னபடியே வந்தார். மனநல மருத்துவர் சாவித்ரியிடம் மூன்று பேரும் போனார்கள். ஏசுபாதமும் ஜெயசீலியும் பஸ்ஸில், தந்தை லூனாவில். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் ஜெயசீலி கண் டாக்டர் என்று சொல்லி வைத்திருந்தார். ஏசுபாதம் கண்ணாடி போடாமல் திரும்பி வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

டாக்டர் நிதானமானவர். எப்போதிலிருந்து தூக்கம் இல்லை, சாப்பாடு எப்படி என்று கேட்டார். "சாமி கும்பிடுவீங்களா?"

"முன்னாடி."

"இப்ப?"

"கூப்பிட்டா அந்தப் பக்கம் யாரும் எடுக்கலை."

டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். சில மாதம் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சான்று கொடுத்தார். ரயில்வேயில் ஏசுபாதத்துக்கு வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஷெட்டில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தந்தார்கள். மாத்திரை சாப்பிட்டதும் தூக்கம் வந்தது, வாய் உலர்ந்தது. விசுவாசம் உள்ளவன் மாத்திரை சாப்பிடுவானா என்று துரை பிரதர் வருத்தப்பட்டார். ரத்த அழுத்தத்துக்கு அவரே மாத்திரை சாப்பிடுகிறவர்தான். அது வேறு என்றார்.

ஒவ்வொரு தடவையும் டாக்டர் ஒரு கேள்வி கேட்பார். "அந்த ஆள் முகம் ஞாபகம் இருக்கா?" மறந்துவிட்டது என்று ஏசுபாதம் சொல்வார். டாக்டர் சரி என்பார். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும்.

மறுவருடம் கோடையில், ஒரு ஞாயிறு மாலை, வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றார். ஜெயசீலி வீட்டில் டிவி இருந்ததால் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு அக்கம்பக்கம் முழுக்க உள்ளே உட்கார்ந்திருந்தது. இந்த அம்மாளும் படம் பார்க்க வந்தவர் என்று நினைத்து ஜெயசீலி பாய் எடுத்துப் போட்டார்.

"படத்துக்கு வரலம்மா. ரயிலு ஓட்றவரு வூடு இதானா? நான் பொழிச்சலூரு. கங்கம்மா. சின்னதம்பியோட அம்மா."

ஏசுபாதத்துக்கு அந்தப் பெயர் தெரியும். விசாரணையில் கேட்டிருந்தார். எழுந்து நின்றார். முன்னறையில் இடம் இல்லாததால் மூன்று பேரும் சமையலறைக்குப் போனார்கள். திட்ட வந்திருக்கிறார், திட்டட்டும் என்று அவர் சுவரோரம் நின்றார்.

கங்கம்மா திட்டவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கேட்டுக் கடைசியில் லோகநாதனைப் பிடித்து விலாசம் வாங்கினாராம். "எம் புள்ளய கடசியா பாத்தது நீதானாமே நைனா. அவன் உசுரோட இருக்க சொல்ல எப்டி இருந்தான்? யாராண்ட கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறாங்கோ. எனக்கு மொகத்த கூட காட்டல."

ஏசுபாதம் ஜெயசீலியைப் பார்த்தார். பேசவேண்டியதையெல்லாம் பேசுகிற ஜெயசீலி வாயைத் திறக்கவில்லை.

"வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்மா," என்றார் ஏசுபாதம். "இஸ்திரி போட்டது. தலை வாரியிருந்தார். ஷேவ் பண்ணியிருந்தார்."

"நான்தான் வாரி வுட்டேன்," என்றார் கங்கம்மா. "சாப்ட்டான் அன்னிக்கி. ரொம்ப நாளு கழிச்சி ஒயுங்கா சாப்ட்டான். காதுல யாரோ பேசிகினே கீறாங்கோன்னு சொல்லுவான். பூசாரியாண்ட இட்டுகினு போனோம். மந்திரிச்சோம். கயிறு கட்னோம். டாக்டராண்ட இட்டுகினு போவல நைனா, தெரில எங்களுக்கு."

"என்னைப் பார்த்தார்மா. கையைத் தூக்கினார்." ஏசுபாதம் தன் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டினார். பஸ்ஸை நிறுத்துகிறவர் காட்டுவதுபோல இருந்தது. "இப்படி. நிறுத்தச் சொன்னாரா, என்னன்னு தெரியலை. நான் நிறுத்தப் பார்த்தேன். முடியலை."

இதை அவர் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடமோ, பாவசங்கீர்த்தனத்திலோகூட.

கங்கம்மா அந்தக் கையையே பார்த்தார். "நிறுத்த சொன்னானோ, போய்ட்டு வரேன்னானோ," என்றார். "எனக்கும் தெர்ல. ரெண்டுமா கூட இருக்கும். நீ இன்னா பண்ணுவ? பத்து வருசமா கையப் புட்சிகினே இருந்தேன், என்னாலயே முடில. உன்னால எப்டி முடியும்?"

ஏசுபாதம் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பழக்கம் இல்லாததால் சத்தம் விநோதமாக வந்தது. கங்கம்மாவும் அழுதார், ஜெயசீலியும் அழுதார். முன்னறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. படத்திலும் அப்போது அழுகைக் காட்சிதான்.

போகும்போது கங்கம்மா ஒன்று கேட்டார். "உங்க கோயில்ல செத்தவங்க பேர சொல்லி பூசை வெப்பீங்களாமே. எங்காளுங்களுக்கும் வெப்பாங்களா?"

கேட்டுச் சொல்வதாக ஏசுபாதம் சொன்னார். நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. இறந்தவர்களின் பெயர்களைத் தந்தை அந்தோணிசாமி வாசித்தார். அருளப்பன், மரியபுஷ்பம், சவரிமுத்து என்று போன வரிசையில் சின்னதம்பி வந்தபோது சில தலைகள் திரும்பின. பூசை முடிந்ததும் துரை பிரதர் தந்தையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆள் கிறிஸ்தவன் இல்லை, தானாகப் போய்ச் செத்தவன் என்றார். "தெரியும்" என்றார் தந்தை. "அதனாலதான் கொஞ்சம் சத்தமா வாசிச்சேன்." கங்கம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் முழங்கால் போட்டபோது அவரும் போட்டார். எழுந்தபோது எழுந்தார். அன்று ஏசுபாதம் ஒரு முழு ஜெபத்தை நடுவில் நிற்காமல் சொல்லி முடித்தாராம். அந்தப் பக்கம் யாராவது எடுத்தார்களா என்று ஜெயசீலி கேட்டதற்கு, "லைன் கிடைச்சது" என்றார்.

அடுத்த வருடம் டாக்டர் அனுமதித்தார். ரயில்வே டாக்டர்களும் பார்த்துச் சரி என்றார்கள். ஏசுபாதம் மறுபடி வண்டி ஓட்டினார். குரோம்பேட்டையைத் தாண்டியதும் கண்ணில் தண்ணீர் வந்தது, கை கைப்பிடியிலேயே இருந்தது. பல்லாவரத்தில் வண்டி நின்றதும் லோகநாதன் முன்னால் ஓடி வந்து, "சார், ஆடு இல்லியா இன்னிக்கி?" என்று கேட்டுவிட்டுத் திரும்ப ஓடினார்.

பிறகு ஒரு வழக்கம் ஏற்பட்டது. எந்த மோட்டார்மேன் வண்டியில் யார் அடிபட்டாலும், மறுநாள் ஏசுபாதம் அந்த மோட்டார்மேன் வீட்டுக்குப் போய் உட்காருவார். ஆறுதல் சொல்ல மாட்டார். "முகத்தைப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்பார். சிலர் அவரை வெளியே போகச் சொன்னார்கள். போய்விடுவார். அடுத்த வாரம் திரும்ப வருவார். அப்படிப் பலர் பேசினார்கள், சிலர் டாக்டர் சாவித்ரியிடமும் போனார்கள்.

1995இல் தாம்பரத்தில் ஒரு பெரிய நற்செய்திக் கூட்டம் நடந்தது. குணமானவர்கள் மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும். ஏசுபாதத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். ரயில் ஆவியிலிருந்து விடுதலை என்று நோட்டீசில் போட்டிருந்தது. அவர் மைக்கைப் பிடித்து, பழைய வாசகக் குரலில் சொன்னார்: "ஆண்டவர் என்னைக் குணமாக்கினார். ஆவி எதுவும் இல்லை. மனசில் காயம் இருந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். இப்போதும் ராத்திரி அரை மாத்திரை சாப்பிடுகிறேன். செத்தவரோட அம்மா வந்து பேசினார். எல்லாரையும் அனுப்பியது ஆண்டவர்தான் என்று நம்புகிறேன். ஆமென்."

இறங்கிவிட்டார். இன்னும் நிறையச் சொல்வார் என்று காத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கீபோர்டுக்காரர் தானாகவே ஒரு பாட்டை ஆரம்பித்தார்.

பந்தலுக்கு வெளியே, கோவிலம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் தன் தங்கையின் கையைப் பிடித்தபடி அவரிடம் வந்தார். தங்கை தரையைப் பார்த்தபடி நின்றாள். "அண்ணா, அந்த டாக்டர் எங்க இருக்காங்க?"

ஏசுபாதம் எந்த பஸ், எந்த நிறுத்தம் என்று சொன்னார். "திங்கட்கிழமை போகாதீங்கம்மா," என்றார். "கூட்டமா இருக்கும்."