பந்த் நாளில் பெண் பார்க்க வந்தவர்கள்

அப்பா மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை போடுகிறவர். பகலெல்லாம் மூட்டைகளை நிறுப்பார். சாயங்காலமானால் தெருமுனையில் வாயனசாலை என்கிற படிப்பகத்தில் உட்கார்ந்து, பத்திரிகைகளை விரித்து வைத்துக்கொண்டு அரசாங்கத்தை நிறுப்பார். தமிழ் வீட்டில் பிறந்தவர்தான், ஆனாலும் பட்ஜெட் என்று வந்துவிட்டால் மலையாளத்தில்தான் கோபப்படுவார். அந்த பாஷையில்தான் அதற்கு வேகம் வரும் என்பார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மாநில பட்ஜெட்டில் டீசல் வரி ஏறியது, பின்னாலேயே பஸ் கட்டணமும் ஏறியது. அன்று வாயனசாலையில் அப்பா பேசியதை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். "விடியறதுக்கு முன்னால பஸ் ஏறி, ஐஸ் தண்ணியில கை மரத்துப்போக இறால் உரிக்கிற பெண்பிள்ளைகளை மந்திரி நினைச்சுப் பார்த்தாரா?" என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். தோப்பும்படியில் இறால் உரிக்கும் என் அக்காவைத்தான் சொன்னார். கட்டணம் ஏறிய மறுநாளிலிருந்து அவள் நடந்துதான் வேலைக்குப் போகிறாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் பேச்சில் சேர்த்திருப்பார்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு நாள் பந்த் நடத்துவது என்று முடிவானது. என்றைக்கு என்று கேட்டபோது, சட்டசபையில் ஓட்டெடுப்பு நடக்கும் வியாழக்கிழமைதான் பொருத்தம் என்று அப்பா சொன்னார். ஏகமனதாக ஒப்புக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து வெற்றியோடு சொன்னார். அம்மா பப்பட மாவை உருட்டிக்கொண்டே கேட்டாள், "வியாழக்கிழமை வேற என்ன விசேஷம்னு ஞாபகம் இருக்கா?"

அப்பாவுக்கு ஞாபகம் வந்தது. அன்றுதான் பாலக்காட்டிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். நாள் குறித்ததும் அவரேதான்.

"பந்தைத் தள்ளி வையுங்களேன்."

"ஜனங்க எடுத்த தீர்மானம். நான் எப்படி மாத்தறது?"

ஆகவே ஜனங்களின் தீர்மானத்தை விட்டுவிட்டு, பெண் பார்ப்பதைத் தள்ளிவைக்கச் சொல்லித் தந்தி கொடுத்தார். தந்தி போய்ச் சேர்ந்தது, வீட்டில்தான் ஆள் இல்லை. அவர்கள் முன்கூட்டியே கிளம்பித் திருச்சூரில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் தெருவில் கோஷம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கொடி பிடித்த தொண்டர்களுக்கு நடுவே பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மாள், வேட்டியைத் தூக்கிப் பிடித்த ஒரு பெரியவர், நொண்டிக்கொண்டே ஒரு இளைஞர். எர்ணாகுளத்தில் ரயிலைவிட்டு இறங்கியவர்களுக்கு பஸ்ஸும் இல்லை, படகும் இல்லை. பாலங்களைத் தாண்டி வெயிலில் நடந்தே வந்திருக்கிறார்கள். தோப்பும்படியில் தொண்டர்கள் மறித்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டைச் சொன்னதும், "நம்ம சேட்டன்டெ வீட்டுக்கா?" என்று மரியாதையாக முன்னும் பின்னும் நின்று, பட்ஜெட்டைக் கண்டித்துக் கோஷம் போட்டபடியே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

அந்தப் பெரியவர், மாப்பிள்ளையின் அப்பா, கஜானா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த பட்ஜெட்டில் பென்ஷனை உயர்த்தியிருந்தார்கள். ஒரு செம்பு மோரைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார், "யார் இந்த பந்தை வச்சது?"

"ஜனங்க," என்றார் அப்பா.

"அந்த ஜனங்கள்ல ஒருத்தர் இங்கயேதான் உட்கார்ந்திருக்கார்," என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

சம்பந்தம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பெரியவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வாதம் பண்ண ஆள் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"வரி வேண்டாம்னா பள்ளிக்கூடம் எப்படி நடக்கும்? ஆஸ்பத்திரியில மருந்து எங்கேருந்து வரும்?"

"பணக்காரன் காருக்குப் போடட்டும். கூலிக்காரன் ஏறுற பஸ்ஸுக்கு ஏன்?"

"கார் எத்தனை பேர் வச்சிருக்கான் இந்த ஊர்ல? அதுல வர்ற வரி சுண்ணாம்பு வாங்கக்கூடக் காணாது."

அக்கா புடவை மாற்றி, பூ வைத்து, சாயாத் தட்டோடு வந்து நின்றாள். இருவரும் அவளைப் பார்க்காமலே ஆளுக்கொரு கிளாஸை எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் பார்த்தார். பெண் பார்ப்பதற்கென்று வாங்கிய புதுச் செருப்பு கடித்து அவர் குதிகாலில் தோல் உரிந்திருந்தது. அக்கா உள்ளே போய்த் தேங்காயெண்ணெயும் பழந்துணியும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவீங்களா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"போகலாம்தான். உங்க ஊர்ல இறால் கிடையாதே."

அவர் சிரித்துவிட்டார். மெஷின் வேலை தெரிந்தவர். இங்கே தேவரா பக்கம் ஒரு பட்டறையில் ஆள் தேடுகிறார்கள், வந்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்.  அக்கா அவருடைய கிளாஸில் இன்னும் கொஞ்சம் சாயா ஊற்றினாள்.

சமையலறையில் அம்மாவும் அந்த அம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் கோயிலில், மேளம் ஒரு செட், சாப்பாட்டுக்கு இரண்டே பாயசம், மற்றதெல்லாம் வேண்டாம் என்று பேசி முடித்தார்கள். வாசலில் நாட்டு பட்ஜெட் பாதி தாண்டுவதற்குள் உள்ளே வீட்டு பட்ஜெட் நிறைவேறிவிட்டது. பந்த் முடிந்து முதல் பஸ்ஸின் சத்தம் கேட்டபோது, பெரியவர் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்து, "மிச்சத்தைக் கல்யாணத்தன்னிக்குப் பேசலாம்," என்றார். அவர்கள் சம்மதம் சொன்னது அப்படித்தான்.

கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை தேவராவில் வேலைக்குச் சேர்ந்தார், பள்ளுருத்தியில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். அக்கா இறால் கம்பெனியை விடவில்லை. பஸ் கட்டணமும் இறங்கவில்லை.

சில வருஷம் கழித்து ஆட்சி மாறி, அப்பாவின் கட்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களும் கட்டணத்தை ஏற்றினார்கள். அந்த வாரம் சம்பந்தி பாலக்காட்டிலிருந்து அதற்கென்றே கிளம்பிவந்து அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்தார். அப்பாவும் போனார்.

"பள்ளிக்கூடம் நடக்கணும், மருந்து வாங்கணும். வரி போடாம எப்படி?" என்றார் அப்பா.

"கூலிக்காரன் வயித்துலயா கை வைக்கறது?" என்று சம்பந்தி கொதித்தார். அவர் பேசியது அப்பாவின் பழைய வசனம் என்பது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

வேலை முடிந்து வந்த அக்கா, இடுப்பில் குழந்தையோடு கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பிறகு ரேஷன் கார்டையும் மண்ணெண்ணெய் டின்னையும் அவர்கள் நடுவில் வைத்தாள்.

"கடையில வரிசை நீளமா இருக்கு. அங்க நின்னு பேசுங்க."

போனார்கள். பேச்சு மும்முரத்தில் வரிசை நகர்ந்ததைக் கவனிக்காமல் இரண்டு முறை கடைசிக்குத் தள்ளப்பட்டார்களாம். இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தார்கள், டின் பாதிதான் நிறைந்திருந்தது. அதற்கு யார் காரணம் என்பதில் அவர்கள் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மத்திய அரசாங்கமாம்.