ஒரு லைன், நாலு ஜன்னல்

நேற்று ஏரிக்கரையில் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது கைபேசி சூடாகிவிட்டது. பின்னால் மெயில், பாட்டு, மேப் எல்லாம் திறந்தபடி கிடந்திருக்கின்றன. சூடான பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதும், ஏற்காடு கடைவீதியில் நான் நடத்திய பிரவுசிங் சென்டர் ஞாபகம் வந்தது. சென்டர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சேலத்தில் யாரோ கழித்துக்கட்டிய ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஒரே ஒரு டெலிபோன் லைன். நெட் போட்டால் போன் வராது. பனிக்காலத்தில் மானிட்டர் மேல் ஸ்வெட்டரைக் காயப்போடுவேன். அந்த வேலையை மட்டும் அது குறையில்லாமல் செய்தது. வாசல் போர்டில் என் பெயருக்குக் கீழே 'கம்ப்யூட்டர் நிபுணர்' என்று இருக்கும். எழுதியது நானேதான்.

எதிரே பழக்கடை வைத்திருந்த ஜமீலா அக்கா ஒரு மத்தியானம் கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார். அவர் கணவர் கரீம் பாய் குவைத்தில் டிரைவர். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்க அன்று கையெழுத்துப் போடப்போகிறாராம். அதற்கு முன் சாட்டில் வருவதாகச் சொல்லியிருந்தார். என் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது.

"தம்பி, கெளம்பி வந்துருங்கன்னு அடிச்சு உடுங்க. நொம்ப அவசரமுங்க."

அதை மட்டும் செய்திருக்கலாம். நிபுணர் செய்வாரா? சாட்டைத் திறந்தேன். போட்டோ அனுப்பியிருப்பாரே என்று மெயிலையும் திறந்தேன். குரலே கேட்கட்டும் என்று இன்னொரு புரோகிராம். குவைத்தில் மணி என்ன என்று பார்க்க ஒரு ஜன்னல் வேறு.

"எல்லாம் ஒண்ணா ஓடுமுங்க்கா" என்றேன்.

திரையில் மணல்கடிகாரம் வந்து நின்றது. மௌஸ் அசையவில்லை.

"ஏனுங்க தம்பி, போயிருச்சுங்களா?"

"போய்ட்டே இருக்குதுங்க."

எதுவும் போகவில்லை. நேரம்தான் போனது. அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. வேறு வழி தெரியாமல் பிளக்கைப் பிடுங்கினேன்.

உடனே போன் அடித்தது. கரீம் பாய்தான், அக்கா கொடுத்துவைத்திருந்த என் நம்பருக்கு. "எத்தன தடவ கூப்புடறது? எந்நேரமும் எங்கேஜ்டாவே இருக்குது."

அக்கா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். "கையெழுத்துப் போடாதீங்க. ஊட்டுக்கு வந்துருங்க."

அந்தப் பக்கம் "சரி" என்றது எனக்கே கேட்டது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல பேசுனா நல்லாத் தெளிவாத்தான் கேக்குது தம்பி."

நான் மறுக்கவில்லை.

கரீம் பாய் வந்து சேர்ந்தார். பழக்கடையில் உட்கார்ந்து பேரிக்காய் விற்றார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னங்க இன்ஜினீயரு, இன்னிக்கு லைன் கெடைக்குமுங்களா?" என்பார். பத்தாவதைத் தாண்டாத எனக்கு அந்தப் பட்டம் பிடித்துத்தான் இருந்தது.

செல்போன் வந்தது, சென்டர் போனது. அந்த இடத்தில் இப்போது சாக்லேட் கடை. கரீம் பாயும் போன மழைக்காலத்தில் காலமாகிவிட்டார். அக்கா சேலத்துக்கே குடிபோய்விட்டார். கடைவீதியில் என்னை இன்ஜினீயர் என்று கூப்பிட இப்போது ஒருவரும் இல்லை.